ஆறு நாளில் ஐந்து ஊரா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கென்யா பயணத் திட்டத்தை அப்பா தெருமுனைக் கடையில் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து வந்தார். இரண்டு பேரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தோம். நைரோபி, அம்போசெலி, நைவாஷா, நகுரு, மசாய் மாரா. ஆறு நாள். மே மாதம். முடித்ததும் அப்பா என்னைப் பார்த்தார். "நம்ம பொண்ணுதான், சந்தேகமே இல்ல" என்றார்.

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த மே மாதத்தை எடு. குட்டிப் பயலுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் பெரிய லீவு, தெரியும். ஆனால் கென்யாவில் மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழைக் காலம். மாராவில் பெரும்பாலும் கரிசல் மண். அந்த ஊர்க்காரர்களும் அதை 'பிளாக் காட்டன் சாயில்' என்றுதான் சொல்வார்கள். கோவில்பட்டியில் வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மழை பெய்த கரிசலில் செருப்பு என்ன பாடுபடும் என்று தெரியும் அல்லவா, அங்கே வண்டிக்கு அந்தக் கதி.

எங்கள் முதல் சஃபாரி 2011 மே. நாங்கள் நைரோபிக்குக் குடிபோய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. நீயும் வருவதாக இருந்தாய், செமஸ்டர் தேதியை மாற்றிவிட்டார்கள், டிக்கெட் வீணாகிவிட்டது. நீ இல்லாமல் எதற்கு என்று நான் இழுத்தேன். அப்பாதான் ஒரு டிராவல்ஸில் பேரம் பேசி, நாலு நாளில் மூன்று காடு என்று ஒரு வேனைப் பிடித்தார். கூரை மட்டும் மேலே தூக்கும், மற்றபடி நம் ஊர்க் கல்யாண வேன்தான். நாலு சக்கரத்துக்கும் இழுவை கிடையாது. அதெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு நாள் ஜன்னல் வழியே ரோட்டைத்தான் பார்த்தோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் டிரைவர் திரும்பி, "ஆப்பிரிக்கன் மசாஜ், மாமா!" என்று சிரிப்பார். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. முதல் தடவை என்னை மாமா என்றபோது அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்னும் அடங்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாராவில் ஒரு சின்ன ஓடை. டிரைவர் தயங்கினார். சிங்கம் பார்க்க நேரமாகிவிட்டதே என்று நாங்கள்தான் அவசரப்படுத்தினோம். பின் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. அவர் மட்டும் நாலா பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினார், எங்களை இறங்கவே விடவில்லை. ரேடியோவில் யாரையோ கூப்பிட்டார். "போலே போலே" என்றார். மெதுவாக, பொறுமையாக என்று அர்த்தம். மூன்று மணி நேரம்.

இஞ்சினை நிறுத்திய பிறகுதான் பாப்பா, நான் அந்தக் காட்டுக்கு வந்தே சேர்ந்தேன். கரையான் புற்றின் மேல் ஒரு டோப்பி மான் ஏறி நின்றது. முன்னங்கால் உயரம், பின்பக்கம் சரிவு, தொடையில் நீலக் கறுப்பாக மை கொட்டினாற்போல. அரை மணி நேரம் அசையவில்லை, காவல் நிற்கிறது என்றார் டிரைவர். என் ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு சாணி வண்டு, எலுமிச்சம்பழ அளவு உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு வந்தது. எங்கள் டயர் வெட்டிய பள்ளம் குறுக்கே. உருண்டை உள்ளே விழும், வண்டு தலைகீழாக நின்று ஏற்றும், விளிம்பு வரை வரும், மறுபடி விழும். பதினோரு தடவை எண்ணினேன். பன்னிரண்டாவதில் ஏறிவிட்டது. அப்பா கை தட்டினார், டிரைவர் உதட்டில் விரல் வைத்தார். இருட்டத் தொடங்கியபோது தூரத்தில் கழுதைப்புலி 'ஊ...வூப்' என்று இழுத்தது. ஒரு முகாமிலிருந்து லேண்ட் குரூசர் வந்து கயிறு கட்டி இழுத்தது. அந்த நாலு நாளில் சிங்கமும் பார்த்தோம், யானையும் பார்த்தோம். நினைவில் இருப்பது வண்டுதான்.

மே மாதம் போகவே கூடாது என்று சொல்லவில்லை. வாடகை மலிவு, கூட்டம் இல்லை, எங்கும் பச்சை. ஆனால் முதல் தடவை, சின்னப் பிள்ளையோடு, வேண்டாம். பெங்களூரில் தசரா லீவு நீளமாக விடுகிறார்களே, அக்டோபரில் போங்கள். அந்த மாதம் மாராவில் வில்டபீஸ்ட் கூட்டம் இன்னும் இருக்கும். மாட்டுத் தலை, குதிரை வால், ஆட்டுத் தாடி, ஆண்டவன் மிச்சம் மீதியை வைத்துச் செய்த பிராணி. பத்து லட்சத்துக்கும் மேலே, வரிக்குதிரைகளும் சேர்ந்து, மழையையும் புல்லையும் தேடி வருஷம் முழுக்கச் சுற்றுகின்றன. பிப்ரவரி வாக்கில் தெற்கு செரெங்கெட்டியில் குட்டி போடும், ஜூலைக்குப் பின் மாரா பக்கம் வரும், அக்டோபரில் திரும்பத் தொடங்கும். செரெங்கெட்டி தான்சானியா, மாரா கென்யா என்பது நமக்குத்தான், அதற்கு ஒரே காடு.

அந்தக் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியை யாராவது உறுதியாகக் காட்டுவதாகச் சொன்னால் நம்பாதே. கரையில் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும், நாலு மணி நேரம் யோசிக்கும், எதையோ பார்த்து மிரண்டு எல்லாம் திரும்பிப் போய்விடும். நாங்கள் இரண்டு தடவை அப்படி ஏமாந்தோம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மாரா நுழைவுக் கட்டணம் 2024-லிருந்து வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலைக்கு மேல் 200 டாலர். தங்கும் இடமும் வண்டியும் தனி. காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் ஒரு நாள் கணக்கு, ஊர் திரும்பும் நாளன்று அதைப் பார்த்துக் கிளம்பு. மாப்பிள்ளை கணக்குப் போட்டு மலைப்பார். அதனால்தான் சொல்கிறேன், ஐந்து ஊர் வேண்டாம். நைரோபியிலிருந்து மாராவுக்கு ரோட்டில் ஐந்தாறு மணி நேரம், அம்போசெலிக்கு நாலைந்து மணி நேரம். உன் திட்டத்தில் பாதிப் பகல் ரோட்டிலேயே போகிறது. என்னைக் கேட்டால் அம்போசெலி இரண்டு ராத்திரி, மாரா நாலு ராத்திரி. நகுருவையும் நைவாஷாவையும் அடித்துவிடு. அம்போசெலியில் யானைதான் விசேஷம். அங்குள்ள யானைக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக 1972-லிருந்து ஆராய்ச்சி செய்து வருகிறார்கள். பின்னால் கிளிமஞ்சாரோ, 5,895 மீட்டர். மலை இருப்பது தான்சானியாவில், பார்க்க வாகானது கென்யாவிலிருந்து. விடியற்காலையில் பார்த்தால்தான் உண்டு, வெயில் ஏறினால் மேகம் மூடிவிடும்.

மாராவை ஒட்டி, அந்தப் பக்கத்து மசாய் இனக் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நடத்தும் காப்பகங்கள் இருக்கின்றன, கன்சர்வன்சி என்பார்கள். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு விலங்கைச் சுற்றி இத்தனை வண்டிதான் என்று கட்டுப்பாடு உண்டு. ராத்திரி சவாரியும் உண்டு, மாராவுக்குள் அது கிடையாது. முடிந்தால் இரண்டு ராத்திரியாவது அங்கே தங்கு. வண்டி உங்களுக்கு மட்டும் தனியாகக் கேள், நாலு சக்கர இழுவை இருக்கிறதா என்று எழுத்தில் வாங்கு. குட்டி "போரடிக்குது" என்றால் மற்றவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் தூங்கும். அவனுக்கு அது டிவி சிங்கம் மாதிரி இருக்காது என்று இப்போதே சொல்லி வை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்று 'பெரிய ஐந்து' பட்டியலை எல்லோரும் ஒப்பிப்பார்கள். அது நடந்துபோய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை என்று வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். சிவிங்கிப்புலியும் ஒட்டகச்சிவிங்கியும் அதில் இல்லை. நமக்கு எதற்கு அந்தக் கணக்கு?

காலை ஐந்தரைக்கு டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து எழுப்புவார்கள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டர் இல்லாமல் போய்விடாதே. மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல். கூரை திறந்த வண்டியில் விடியற்காலைக் காற்று காதை அறுக்கும். நீலமும் கறுப்பும் போடாதே, செட்சி ஈ அந்த நிறங்களைத்தான் தேடி வரும், கடித்தால் துணியையும் தாண்டி வலிக்கும். ராணுவப் புள்ளிபோட்ட சட்டை குட்டியிடம் ஒன்று இருக்கிறதே, அது வேண்டாம், தேவையில்லாமல் விசாரிப்பார்கள். வண்டியில் போகும்போது அவசரம் என்றால் கூச்சப்படாமல் "டயர் செக் பண்ணணும்" என்று சொல், டிரைவருக்குப் புரியும். அவர் இடம் பார்த்துச் சொன்ன பிறகுதான் இறங்க வேண்டும்.

கூடார முகாம்களில் பல இடங்களில் வேலி இருக்காது. ராத்திரி சாப்பிடப் போகவும் வரவும் டார்ச்சோடு காவலர் வருவார், அஸ்காரி என்பார்கள். அவர் இல்லாமல் பத்தடிகூட நடக்காதே, மாப்பிள்ளைக்கும் சொல், போட்டோ எடுக்கிறேன் என்று கிளம்புகிற ஆள் அவர். போர்வைக்குள் எதுவோ சூடாகத் தட்டுப்பட்டால் அலறாதே, வெந்நீர்ப் பை. நான் அலறினேன்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சப்பாத்தி, சமூசா, டீ எல்லாம் அந்த ஊர்ச் சாப்பாடாகவே ஆகிவிட்டது, நூறு வருஷத்துக்கும் முன்னால் ரயில் போடப் போன நம் நாட்டுக்காரர்களும் பின்னால் போன வியாபாரிகளும் விட்டுவந்தது. சுக்குமா விக்கி என்று ஒரு கீரை வதக்கல், அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடு. முறுக்கு நான் சுட்டுத் தருகிறேன், ஆனால் பிளாஸ்டிக் கவரில் கட்டாதே. 2017-லிருந்து அங்கே கேரி பேக்குக்குத் தடை, அபராதம் கடுமை. மஞ்சப்பையில் போடு.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தள்ளிப் போடாதே. அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போடுவார்கள், கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். அந்த அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே ஏர்போர்ட்டிலேயே பிடித்துத் தனிமையில் வைத்துவிடுவார்கள். குட்டிக்கு முட்டை அலர்ஜி உண்டா என்று டாக்டர் கேட்பார், சின்ன வயதில் தடிப்பு வந்ததை மறக்காமல் சொல். மலேரியா மாத்திரையையும் அவன் எடைக்குத் தகுந்தாற்போல் எழுதித் தரச் சொல். விசாவுக்குப் பதில் இப்போது ஆன்லைனில் பயண அனுமதி வாங்க வேண்டும், குட்டிக்கும் தனியாக. மாராவுக்குச் சின்ன விமானத்தில் போவதானால் ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும், சக்கர சூட்கேஸ் ஏறாது.

தேதி முடிவானதும் சொல். அப்பாவும் வரட்டுமா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, எழுத மட்டும் செய்கிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு: அப்பாவின் பைனாகுலரைக் கூரியரில் அனுப்புகிறேன். நடுத் திருகு இறுக்கமாக இருக்கும், மாரா தூசி இன்னும் உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன். எண்ணெய் விடாதே, கையால் மெதுவாகத் திருகினால் வரும்.