"கேஷ்" நம்ம "காசு"தான்னு ஃபார்வர்டு பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாரே, அக்காமாரே, சித்தப்பா பெரியப்பாக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இந்த வாரமும் அது மூணு குரூப்புல வந்துருச்சு. "நம்ம காசைத்தான் வெள்ளைக்காரன் கேஷ்னு ஆக்குனான், கேஷியரும் அதுலருந்து வந்ததுதான், தமிழனா இருந்தா பகிருங்க"ன்னு. நான் பழைய நாணயம் சேர்க்கிற ஆளு, சும்மா இருக்க முடியல. அது பாதி உண்மைங்க, ஆனா நீங்க சொல்ற பாதி இல்ல.

கடையில "கேஷா கார்டா"ன்னு கேக்குறாங்களே, அந்த கேஷ் லத்தீன்ல பெட்டிக்கு சொல்ற "கப்சா"லருந்து கிளம்புனது. அது இத்தாலி, பிரான்ஸ் பக்கமெல்லாம் சுத்தி 1590கள் வாக்குல பணப்பெட்டிங்கிற அர்த்தத்துல இங்கிலீஷுக்குள்ள போயி, அப்புறம் பெட்டியை விட்டுட்டு உள்ள இருக்குற பணத்துக்கே பேராயிருச்சு. "இன்னைக்கு கல்லா எவ்ளோ"ன்னு கேட்டா யாரு பெட்டியோட நீளத்தை சொல்றா, அந்த மாதிரிதான். கேஷியரும் அந்த வழி. நீங்க முழுங்குற கேப்ஸ்யூல்கூட அதே வீட்டு சின்னப் பெட்டிதான்.

இப்ப நம்ம காசுக்கு வாங்க. அது போர்ச்சுகீஸ்காரன் வாயில "காய்ஷா" ஆச்சு, வினை என்னன்னா அவன் பாஷையில பெட்டிக்கும் அதே காய்ஷாதான்! அங்கருந்து இங்கிலீஷுக்குப் போன கேஷ், சின்னச் செப்புக்காசோட பேரு. மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனி கணக்குப்படி 80 காசு சேர்ந்தா "பணம்"ங்கிற ஒரு நாணயம், 42 பணம் சேர்ந்தா வராகன்ங்கிற ஒரு தங்கக்காசு. சீனாவுல நடுவுல ஓட்டை போட்ட காசு இருக்கே, அதையும் வெள்ளைக்காரன் இதே பேரு வச்சுத்தான் கூப்பிட்டான். ஆக எழுத்து ஒண்ணு, சொல்லு ரெண்டு.

என்கிட்ட 1808ல அடிச்ச ஒரு செப்புக்காசு இருக்கு, ஒரு பக்கம் கம்பெனி சின்னம், இன்னொரு பக்கம் பாரசீக எழுத்து, கீழ ரோமன் எண்ணுல இருபது போட்டு பக்கத்துல இங்கிலீஷ்ல கேஷ்னு பொறிச்சிருக்கு. இங்கிலாந்துல அடிச்சு மெட்ராஸுக்கு அனுப்புனது. இதே மாதிரி காசை டன் கணக்குல ஏத்திக்கிட்டு வந்த அட்மிரல் கார்ட்னர்ங்கிற கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்தையே தாண்டாம குட்வின் மணல்திட்டுல மாட்டி மூழ்கிருச்சு. நம்ம சொல்லு பொறிச்ச காசு அவன் கடல்லயே கிடந்துச்சு, இதைவிடவா உங்க ஃபார்வர்டு சுவாரசியம்?

அப்புறம் துட்டு. அது டச்சுக்காரனோட "டொய்ட்"டுங்க, நாமளும் வாங்கியிருக்கோம், அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. எட்டுதான் எயிட் ஆச்சுங்கிறதையும் தயவுசெஞ்சு விட்டுருங்க, ஜெர்மன்ல "அஹ்ட்", லத்தீன்ல "ஆக்டோ", அது அவங்க குடும்ப விஷயம். பெருமைக்கு நெஜமாவே இங்கிலீஷுக்குப் போன நம்ம கட்டுமரம் இருக்கு, சுருட்டு இருக்கு, மிளகுத்தண்ணி இருக்கு, போதாதா?

அடுத்த தடவை அனுப்பும்போது கேஷியரை எடுத்துட்டு அந்தக் கப்பலைப் போடுங்க. காசு போட்டோ வேணும்னா சொல்லுங்க, ரெண்டு பக்கமும் எடுத்து அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்க குரூப்புல சத்தமில்லாம இருக்குற ஒருத்தன்