தேயிலை நாட்டை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன் நான். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் சீன வரலாற்றுத் தொடரை விடாமல் படிக்கிறேன். தாங் வம்சம் விழுந்த 907க்கும் சோங் வம்சம் எழுந்த 960க்கும் இடைப்பட்ட காலத்தைக் 'குழப்பக் காலம்' என்று சென்ற வாரம் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அப்போது தெற்கே சாங்ஷாவைத் தலைநகராக வைத்து சூ என்றொரு அரசு இருந்தது. 951இல் அழிந்தும் போனது. ஆனால் கொழுந்து பறித்துப் பிழைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அரசு அது.

அதை நிறுவிய மா யின் இளமையில் தச்சர். அப்புறம் படைவீரர், 907இல் மன்னர். அவருடைய ஆலோசகர் காவ் யூ மறு ஆண்டே ஒரு யோசனை சொன்னார்: மக்கள் தாங்களே தேயிலை பறித்து வடக்கு வணிகர்களுக்கு விற்றுக்கொள்ளட்டும், அரசு வரி மட்டும் வாங்கட்டும். வடக்கே லியாங் அரசின் ஊர்களில் வணிக அலுவலகங்களும் திறந்தார்கள். தேயிலை போனது, பட்டும் போர்க்குதிரையும் வந்தன. அதற்காக லியாங்குக்கு ஆண்டுதோறும் 2,50,000 ஜின் தேயிலை காணிக்கை, அதாவது ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கிலோ! ஈயத்திலும் இரும்பிலும் காசு அடித்தார்கள். அது வெளியே செல்லாது என்பதால், வந்த வணிகர் அங்கேயே சரக்கு வாங்கித் தீர்த்துவிட்டுத்தான் ஊர் திரும்ப முடியும். கெட்டிக்கார வேலை. ஈரக் கொழுந்து என்று எடையில் கழித்து, தேயிலை வாரியம் அறிவித்த விலையையும் தராமல் இழுக்கும் ஃபேக்டரியில் நிற்கும்போதெல்லாம் எனக்குக் காவ் யூ ஞாபகம்தான்.

அவர் முடிவுதான் கொடுமை. அயல் அரசுகள் கிளப்பிய அவதூறை நம்பி, மன்னர் மகன் மா ஷிஷெங் 929இல் தந்தை பெயரில் பொய்யாணை பிறப்பித்து அவரைக் கொன்றுவிட்டார். அன்று கடும் பனிமூட்டம். குற்றமற்றவரைக் கொன்றால்தான் இப்படி மூடும், சிறையில் யாராவது அநியாயமாகச் செத்தார்களா என்று கிழ மன்னர் கேட்டாராம். (எங்கள் ஊரில் அந்தக் கணக்கு ஒத்துவராது.) விவரம் தெரிந்ததும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். மறு ஆண்டு அவரும் போய்ச் சேர்ந்தார். அவரை அடக்கம் செய்த நாளில் இந்த மகன் கண்ணீர் விடாமல் கோழிக் குழம்பைக் கிண்ணம் கிண்ணமாகக் காலி செய்தாராம்! பிறகு சகோதரர்கள் அடித்துக்கொண்டார்கள், தென் தாங் என்ற பக்கத்து அரசு உள்ளே நுழைந்தது, அவ்வளவுதான்.

தொடர் சோங் வம்சத்துக்குப் போவதற்குள் காவ் யூவுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.