சூப்பர்வைசர் எப்படியோ கம்பெனி அப்படி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்களை முன்னிறுத்தும் நிர்வாகம், நிலைத்து நிற்கும் பணியிடப் பண்பாடு என்று பெங்களூரு கம்பெனிகளைப் பற்றி எழுத வந்தாலே எல்லாரும் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் போய்விடுகிறார்கள். பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் ஆயத்த ஆடை ஆலைகளில் தையல் மெஷின் முன்னால் உட்காரும் பெண்களில் தமிழ் பேசுகிறவர்களும் கணிசம். அவர்களைப் பொறுத்தவரை எம்.டி. யாரென்றே தெரியாது. கம்பெனி என்றால், ஒரு வரிசை மெஷின்களை மேய்க்கும் லைன் சூப்பர்வைசர்தான்.

அந்த சூப்பர்வைசர் எப்படி உருவாகிறார்? நன்றாகத் தைத்த டைலரை, அல்லது சுறுசுறுப்பான ஹெல்ப்பரை, ஒரு திங்கட்கிழமை காலையில் நாற்பது மெஷினுக்கு முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். கையில் கொடுப்பது ஒரே ஒரு எண், டார்கெட். ஆளை நடத்துவது பற்றி ஒரு மணி நேரம்கூடச் சொல்லித்தருவதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே நிர்வாக முறை, தன்னை முன்பு ஒருவர் திட்டிய முறை.

டார்கெட் கணக்கைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். காலர் வைக்கிற வேலைக்கு, வேலை நேரத்தைக் கணக்கிடும் ஐ.இ. பிரிவு ஒரு பீஸுக்கு 0.6 நிமிடம் என்று குறித்தால் மணிக்கு 100 பீஸ் வரும். அது நூற்றுக்கு நூறு திறனில் வரும் கணக்கு. 60 சதவீதம் ஓடினாலே நல்ல லைன் என்பார்கள். ஸ்டைல் மாறிய முதல் இரண்டு நாளில் அதில் பாதிகூட வராது. ஆனால் போர்டில் 100 என்று எழுதி, 58 வந்ததும் கத்தல் ஆரம்பிக்கிறது. கத்தினால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு பீஸ் கூடத்தான் செய்யும். எப்படிக் கூடுகிறது என்பதுதான் விஷயம். தையல் விட்ட பீஸை பண்டிலுக்கு, அதாவது துணிக் கட்டுக்கு, நடுவில் செருகி அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிடுவார்கள். சாயங்காலம் செக்கர் பிடித்து ஆல்ட்ரேஷனாகத் திருப்பி அனுப்புவார். பிரிக்க வேண்டும், நூல் எடுக்க வேண்டும், ஊசித் துளை தெரியாமல் மறுபடி தைக்க வேண்டும். புதிதாகத் தைப்பதைவிட அதற்கு நேரம் அதிகம். காலையில் திட்டி வாங்கிய பீஸ்கள் சாயங்காலம் ஓ.டி.யில் (ஓவர்டைமில்) கரைகின்றன.

இதற்கு மருந்து மலிவானது. மணிக்கு மணி எழுதும் போர்டில் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள்: குறைந்ததற்குக் காரணம். ஊசி உடைந்தது, பண்டில் வரவில்லை, மெக்கானிக் வரத் தாமதம், ஆள் லீவு. டைலரின் பெயரை அங்கே எழுதவே கூடாது. பத்து நாள் விடாமல் எழுதினால் தைக்கிறவர் கை எவ்வளவு காரணம், ஃபீடிங்கும் (துணி வந்து சேருவதும்) மெஷினும் எவ்வளவு காரணம் என்பது தானே தெரிந்துவிடும். டொயோட்டா தன் ஆலைகளில், கோளாறு கண்டதும் லைனை நிறுத்தும் கயிற்றைத் தொழிலாளி கைக்கே எட்டும்படி கட்டியதும் இந்தக் கணக்கில்தான். நம் ஊரில் கயிற்றை வேண்டுமானால் கட்டிவிடுவார்கள், இழுத்தவரை மறுநாள் திட்டுவார்கள். அப்புறம் யார் இழுப்பார்கள்?

பேச்சு மரியாதை தனிப் பிரச்சினை. கன்னட டைலரை 'அம்மா' சேர்த்துக் கூப்பிடும் நம் சூப்பர்வைசர், தமிழ்ப் பெண்ணைப் பார்த்ததும் 'வாடி போடி'க்கு இறங்கிவிடுவதுண்டு. ஒரே மொழி என்ற உரிமையாம்! முதல் நாளே 'வாங்க போங்க' என்று விதி வைத்து, ஃப்ளோர் இன்சார்ஜும் அதையே பேசினால் ஒன்றிரண்டு மாதத்தில் பழகிவிடும். இன்சார்ஜ் மீறினால் அந்த விதி செத்தது.

சம்பளக் கணக்கு இன்னும் முக்கியம். கோலார் மாவட்டம் நரசாப்பூரில் 2020 டிசம்பர் 12 அன்று கைப்பேசி ஆலை ஒன்று அடித்து நொறுக்கப்பட்டது நினைவிருக்கும். அரசு விசாரணையில் வெளிவந்தவை: 8 மணி நேர ஷிஃப்டை 12 மணி நேரமாக்கினார்கள், வருகைப் பதிவுக் கருவி அக்டோபரிலிருந்தே சரியாக இயங்கவில்லை, வேகமாகக் கூடிய ஆட்களுக்கு ஈடான எச்.ஆர். அமைப்பு இல்லை. வன்முறைக்கு நியாயம் கற்பிக்கவில்லை. ஆனால் இரண்டு மாதம் சம்பள ஸ்லிப்பில் தப்பு வந்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றால் கோபம் எங்கே போகும்?

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் என்பது சட்டம். போட்ட மறுநாளிலிருந்து மூன்று நாள், கேன்டீன் வாசலில் ஒரு மேசை போட்டு, வருகைப் பதிவு (பஞ்ச்) பிரிண்ட்அவுட்டோடு ஒருவரை உட்கார வைக்கலாம். விட்டுப்போன ஓ.டி.யை 48 மணி நேரத்தில் போட வேண்டும். 'அடுத்த மாசம் சேர்த்துப் போடுறோம்' என்ற பேச்சே கூடாது. வேலையை விட்டவருக்குச் சம்பள பாக்கியை 2 வேலை நாளில் தர வேண்டும். இதை இழுத்தடிக்கும் கம்பெனிகள்தான் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகின்றன. பீன்யா பக்கத்து லக்கேரேயில் ஒரு தெருவில் நாலு பேர் சொன்னால் போதும், அந்த கேட்டில் யாரும் போய் நிற்க மாட்டார்கள்.

புகார்ப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பல இடங்களில் அது சி.சி.டி.வி. கேமராவுக்கு நேர் கீழே, எச்.ஆர். அறை வாசலில் தொங்குகிறது. சாவியும் எச்.ஆர். கையில். துணி வாங்கும் கம்பெனியின் சோதனை (பையர் ஆடிட்) வருவதற்கு முந்தின நாள் துடைத்து வைப்பார்கள். பெண்கள் கழிவறைப் பக்கம் மாட்டி, தொழிலாளர் பிரதிநிதியும் சேர்ந்து வாரம் ஒருமுறை திறந்தால்தான் அதற்குள் ஏதாவது விழும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் தொல்லை புகாருக்கான உள்குழு வேண்டும். பாதிப்பேராவது பெண்கள், வெளியாள் ஒருவர், பதவி 3 ஆண்டுக்கு மேல் இல்லை. சுவரில் ஒட்டிய பட்டியலைப் பாருங்கள்: ஆங்கிலத்தில் இருக்கும், அதிலுள்ள ஒருவர் வேலையை விட்டே போயிருப்பார்.

இதெல்லாம் நிலைக்குமா என்றால், ஜி.எம். (பொது மேலாளர்) மாறியதும் பெரும்பாலும் காற்றில் போய்விடுகிறது. நல்ல மனிதரை நம்பி நடத்தியதால் வரும் வினை இது. சூப்பர்வைசரின் இன்கிரிமென்ட் கணக்கில் பீஸோடு மூன்று எண்களையும் சேர்த்துவிட்டால் யார் வந்தாலும் எளிதில் அழிக்க முடியாது: அந்த லைனில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள், சொல்லாமல் லீவு எத்தனை, ஆல்ட்ரேஷன் எத்தனை. புதிய சூப்பர்வைசரை மூன்று மாதம் பொறுப்பில் வைத்துப் பார்க்கலாம். ஒத்துவரவில்லை என்றால் பழைய மெஷினுக்கு, பழைய சம்பளம் குறையாமல், கௌரவமாகத் திரும்ப வழி இருக்க வேண்டும். அந்த வழி இல்லாததால்தான் பலர் கத்திக்கொண்டே அந்த நாற்காலியில் நீடிக்கிறார்கள்.

அடுத்த முறை தங்கள் நிருபர் 'சிறந்த பணியிடம்' பற்றி எழுத ஒரு தொழிற்சாலைக்குப் போனால், வரவேற்பறையில் மாட்டிய விருதைப் படம் எடுத்த பிறகு அந்த மணிக்கு மணி போர்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர், பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், பெங்களூரு