பந்தைச் சுமக்காத ஐவர்

சாட்ஸ்வர்த், டர்பன்
2024 ஜனவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். நேற்று அதிகாலை இரண்டரை மணிக்கு உன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி இறுதியாட்டத்துக்கு இறங்கியபோது, ஆயாவின் தூக்கம் கலையாதபடி ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு கூடத்தில் நான் தனியே உட்கார்ந்திருந்தேன். 34-13 என்று வாஷிங்டனை வென்று முடித்தபோது இங்கே நன்றாக விடிந்துவிட்டது. தேநீர் போட எழுந்து வந்த அம்மா, என் கண்களைப் பார்த்து ஏதோ கெட்ட செய்தி வந்துவிட்டது என்று பதறிவிட்டாள். பதினைந்து ஆட்டங்கள், பதினைந்து வெற்றிகள் என்று சொன்ன பிறகுதான் அவள் அடுப்படிக்குப் போனாள்.

டிசம்பரில் நீ எழுதிய ஒரு வரி என் மனத்தை விட்டு அகலவில்லை. மற்றவர்களின் சோதனைகளுக்குக் கருவிகளை ஆயத்தம் செய்து கொடுப்பதிலேயே ஒன்றரை ஆண்டு கழிந்துவிட்டது, உன் பெயர் எங்கும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். சரியான சொற்கள் வரவில்லை. இந்தப் பருவம் முழுவதும் பார்த்து முடித்த பிறகு இப்போது எழுத முடிகிறது.

செப்டம்பரில் நீ தொலைபேசியில் விதிகளைச் சொல்லிக்கொடுத்தபோது, பந்தை எறிபவரையும் ஏந்தி ஓடுபவரையும்தான் நானும் பார்த்தேன். சில வாரங்களில் என் பார்வை தானாகவே முன்வரிசையின் ஐந்து பேரிடம் போய் நின்றுவிட்டது. நடுவில் ஒரு சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள். சென்டர் பந்தைத் தொடுவது அதைப் பின்னால் கொடுப்பதோடு சரி. மற்ற நால்வரும் ஒரு பருவம் முழுவதும் பந்தைக் கையில் ஏந்தாமலே ஆடி முடித்துவிடலாம். எதிரியை மார்போடு மார்பாக மோதித் தள்ளி, பின்னால் வருபவனுக்கு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி திறந்துவிடுவதே அந்த ஐவரின் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊர் மைதானத்தில், நம் சாதாரணக் கால்பந்தில், பதினோரு ஆண்டுகள் இடப்புறத் தடுப்பாட்டக்காரனாக நின்றவன் நான். கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது பின்னால் நடந்து வருபவனின் மனநிலை எனக்குத் தெரியும்.

நவம்பர் 11 அன்று பென் ஸ்டேட் அணியோடு நடந்த ஆட்டத்தை நினைத்துப் பார். தலைமைப் பயிற்சியாளர் ஹார்பா மூன்று ஆட்டங்களுக்குக் களத்தருகே வரக் கூடாது என்ற தடை முந்தைய நாள்தான் வந்தது. அவருக்குப் பதிலாகப் பொறுப்பேற்ற ஷெரோன் மூர், அந்த முன்வரிசை ஐவரைப் பயிற்றுவித்து வந்தவர். கல்லூரி நாட்களில் தாமும் கார்டாக ஆடியவர். அவர் தம் பிள்ளைகளை நம்பி, தொடர்ந்து 32 முறை பந்தை எறியவிடாமல் ஏந்தி ஓடவே விட்டார். அடுத்து ஓட்டம்தான் வரப்போகிறது என்று எதிரணிக்கும் தெரியும். தெரிந்தும் அவர்களால் தடுக்க முடியவில்லை. 24-15 என்று வென்றபின் மூர் அழுதுகொண்டே பேசினார். அடுத்த வாரம் மேரிலாந்தோடு கிடைத்தது அந்த அணியின் ஆயிரமாவது வெற்றி.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒஹாயோ ஸ்டேட் ஆட்டம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தில் நீயும் அன்று இருந்தாய். நான் இரவு ஏழு மணி முதல் இங்கே தொலைக்காட்சியின் முன் இருந்தேன். மூன்றாம் கால்பகுதி, 17-17 என்று சமநிலை. வலப்புறக் கார்டு சாக் சின்டர் கால் எலும்பு முறிந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டார். டேக்கிளாக நின்ற கார்சன் பார்ன்ஹார்ட் ஓர் இடம் உள்ளே நகர்ந்து கார்டானார்; அவர் விட்ட இடத்துக்கு டிரென்டே ஜோன்ஸ் வந்தார். ஆட்டம் மீண்டும் தொடங்கிய அடுத்த முயற்சியிலேயே, பந்தை ஏந்தி ஓடும் பிளேக் கோரம் 22 கெஜம் ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டு, விரல்களால் ஆறும் ஐந்தும் காட்டினார். 65 என்பது சின்டரின் எண். அந்த நேரத்தில் நான் உன்னைத்தான் நினைத்தேன், தம்பி. உன் கைப்பட்ட கருவியை வைத்து வேலை முடித்தவர்கள் எல்லாரும் விரல் காட்டமாட்டார்கள். சிலர் மறந்தே போவார்கள், அது வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த 22 கெஜம் திறந்தது புதிதாய் இடம் மாறி நின்ற முன்வரிசையால்தான் என்பதைக் கோரம் விரல் காட்டாவிட்டாலும் யாரால் மறுக்க முடியும்?

அலபாமாவோடு ஆடிய ரோஸ் பௌல் அரையிறுதி ஆட்டத்தைப் பற்றி அன்றே நிறையப் பேசிவிட்டோம். நேற்றைய ஆட்டத்தில் எனக்கு ஓர் அச்சம் இருந்தது. சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருதை 2021இலும் 2022இலும் மிச்சிகன் வாங்கியது; 2023இல் அது வாஷிங்டனுக்குப் போயிற்று. அந்த வாஷிங்டனுக்கு எதிராகத்தான், சின்டர் இல்லாமலே, 303 கெஜம் ஓடினார்கள்.

மிச்சிகன் இதற்கு முன் பட்டம் வென்றது 1997 பருவத்தில் என்று ஒலிபரப்பில் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே 1997இல்தான் நம் டர்பன் இந்தியர்களின் மேனிங் ரேஞ்சர்ஸ் அணி, புதிதாகத் தொடங்கிய தென்னாப்பிரிக்கக் கால்பந்துத் தொடரான பிரீமியர் சாக்கர் லீகின் முதல் பட்டத்தை வென்றது. பெரிய பணம் படைத்த அணிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிய அந்த ஆண்டில் இந்தத் தெருவே தூங்கவில்லை.

இறுதியாட்டத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். டோனோவன் எட்வர்ட்ஸ் 41 கெஜம் ஓடிய முதல் டச்டவுனை இன்று காலை நான்கு முறை போட்டுப் பார்த்தேன். அவரைப் பார்க்கவில்லை, அவருக்கு முன்னால் யார் யாரை எந்தப் பக்கம் தள்ளுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்தேன். இரண்டு பேருடைய வேலை எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஜூலையில் நீ வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் காட்டு. நீ இப்போது ஆயத்தம் செய்யும் கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையும் அப்போது வரைந்து சொல். தாளும் பென்சிலும் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா