சாக்ஸை இழுத்தால் திட்டாதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பில் இந்த வாரம் நிகழ்தகவுப் பாடம் தொடங்கியிருக்கிறது. உங்கள் பிள்ளை வீட்டிலுள்ள சாக்ஸை ஒரு பையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தால் திட்டாதீர்கள். வீட்டுப்பாடம்தான் நடக்கிறது.

பையில் கருப்பு நான்கு, வெள்ளை இரண்டு. பார்க்காமல் இரண்டை எடுத்தால் இரண்டும் ஒரே நிறமாக வர எவ்வளவு வாய்ப்பு? நேற்று நானும் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். “கருப்புதான் நிறைய இருக்கே, ஜோடி சேர்ந்துடும் சார்” என்றார்கள் முக்கால்வாசிப் பேர். பிறகு கருப்புக்கு 1 முதல் 4 வரை, வெள்ளைக்கு 5, 6 என்று எண் ஒட்டி, 1-2, 1-3, 1-4 என வரிசையாக எழுதினார்கள். மொத்தம் 15 ஜோடி. இரண்டும் கருப்பாக 6, இரண்டும் வெள்ளையாக 1. ஆக 15-க்கு 7, பாதிகூட இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு மாணவி நம்பவே இல்லை, முதலிலிருந்து மறுபடி எழுதினாள். அதே 15 வந்தது. அவளுடைய சந்தேகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: சூத்திரம் சொல்லிக் கொடுக்காதீர்கள். அது மேல்வகுப்பில் தானாக வரும். இப்போது பிள்ளை ஒன்றுவிடாமல், ஒன்றையே இருமுறை எழுதாமல் பட்டியல் போடப் பழகட்டும். மூன்று சட்டை, இரண்டு பேன்ட் என்றால் ஆறு விதமாக உடுத்தலாம் என்பதையும் மர வரைபடமாகக் கிளை பிரித்து வரையட்டும்.

இரண்டு நாணயம் சுண்டும் கணக்கில் பலரும் தடுக்கி விழுவார்கள். ‘இரண்டும் பூ, இரண்டும் தலை, ஒன்று பூ ஒன்று தலை, மூன்றுதானே, ஆளுக்கு மூன்றில் ஒன்று’ என்பார்கள். ஒரு பழைய நாணயமும் ஒரு புது நாணயமும் கொடுங்கள். பழையதில் பூ, புதியதில் தலை என்பது வேறு. பழையதில் தலை, புதியதில் பூ என்பது வேறு என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். மொத்தம் நான்கு. இதில் தவறினால் கோபப்பட வேண்டாம். பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர் 1754-ல் கலைக்களஞ்சியத்தில் எழுதியபோது இதே போன்ற கணக்கில்தான் சறுக்கினார். இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு மூன்றில் இரண்டு என்றார் அவர். சரியான விடை நான்கில் மூன்று.

இன்னொன்று. இரண்டிரண்டாக எடுத்து, மறுபடி பையில் போட்டு 20 முறை இழுத்தால் ஒன்பது, பத்து முறை ஒரே நிறமாக ஜோடி சேரும் என்பது கணக்கு. உங்கள் பிள்ளைக்குப் பதின்மூன்று வந்தால் பதின்மூன்றே இருக்கட்டும். நோட்டு அழகாக இருக்க வேண்டும் என்று அடித்து ஒன்பதாக்கும் பெற்றோரும் உண்டு, அதனால்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை எல்லோருடைய எண்ணிக்கையையும் கரும்பலகையில் கூட்டி, 15-க்கு 7-ஐ எவ்வளவு நெருங்குகிறது என்று பார்க்கப்போகிறோம். திருத்திய எண்கள் அதைக் கெடுத்துவிடும்.

அன்று நோட்டு மட்டும் கொடுத்தனுப்பினால் போதும். சாக்ஸ் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்