மரக்குழல் வாங்கும் முன் பத்து நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இசைக்கருவிகள் வாங்குவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வீணை, வயலின் பற்றிய பகுதிகளில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கையால் கடைந்த மரப் புல்லாங்குழலைப் பற்றிய இரண்டு வரிகள்தான் என்னை எழுத வைத்தன. கருங்காலி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், தலைமுறைக்கும் நிற்கும் என்று அதில் இருந்தது. அந்த வரிகளை நம்பி எங்கோ ஒரு மாணவன் தன் சேமிப்பு முழுவதையும் எடுத்துக் கொடுப்பான். அவன் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும்.

நான் நாற்பது ஆண்டுகளாக மூங்கில் குழல் வாசிக்கிறேன். மேடை ஏறியதில்லை, கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் முதல் மரக்குழலை வாங்கினேன். ஒன்பதாம் நாள் அது பிளந்தது.

அன்றிரவு வாசித்துவிட்டுத் துடைக்காமல் மேசைமேல் வைத்திருந்தேன். அடுத்த அறையில் இருந்தபோது சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. வந்து பார்த்தால், வாய்த்துளையை ஒட்டித் தலைப்பகுதி நெடுக மயிரிழைபோல் ஒரு விரிசல். அன்று அழுதேன் என்பதை எழுத எனக்குக் கூச்சமில்லை.

ஏன் பிளந்தது என்பது பின்னால் தெரிந்தது. வாங்கிய முதல் நாளே இரண்டு மணி நேரம் வாசித்திருந்தேன். மூச்சின் ஈரம் உட்சுவரில் ஏறினால் மரம் உள்ளே உப்புகிறது. வெளிப்புறமோ காய்ந்தே இருக்கிறது. நீளவாக்கில் மரம் அநேகமாக மாறுவதில்லை, குறுக்குவாக்கில்தான் உப்பிச் சுருங்கும். உள்ளே இருப்பது விரியப் பார்க்க, வெளியே இருப்பது விடாமல் இறுக்க, நார் பிரிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, சுருதியைக் கூட்டவும் குறைக்கவும் வசதியாக என் குழலின் தலைக்குள் ஓர் உலோகக் குழாய் செருகப்பட்டிருந்தது. காற்று வறண்டு மரம் சுருங்கும்போது உலோகம் விட்டுக்கொடுக்காது. பழைய மரக்குழல்களில் விரிசல் பெரும்பாலும் தலைப்பகுதியிலேயே இருப்பதைப் பார்த்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

புதுக் குழலை முதல் இரண்டு மூன்று வாரங்கள் நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் ஊதக் கூடாது. பிறகு மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்ட வேண்டும். வாசித்து முடித்த உடனேயே உள்ளே துணி விட்டு ஈரத்தை எடுக்க வேண்டும். அவ்வப்போது உட்சுவரில் வாதுமை எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். வைக்கும் இடத்தின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. இவற்றில் எதையும் எனக்கு விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூங்கிலோடு பழகிய கை. மூங்கில் பிளந்தால் நூல் சுற்றிக்கொண்டு வாசிப்போம், முடியாவிட்டால் வேறொன்றை எடுப்போம். மரத்தையும் அப்படியே நினைத்துவிட்டேன்.

சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையை அதற்குப் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்தைக் குழலுக்கு உரியவையாகச் சொல்கிறார். மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம், ஏனையவை அதமம் என்று தரம் பிரிக்கிறார். அப்படிப் பிரித்தவரே, மரம் எப்பொழுதும் ஒத்து நிற்கும் என்றும் எழுதுகிறார். கருங்காலி வேண்டும் என்பது பெருவழக்கு என்கிறார். ஆக, கட்டுரையாளரின் ஆசை புதிதன்று. ஆனால் அவர் விட்டுவிட்ட பகுதி அங்கே அடுத்தாற்போல் வருகிறது. இளமரமும் ஆகாது, மிக முதிர்ந்ததும் ஆகாது. வெட்டிய மரத்தை நிழலில் ஆறவிட வேண்டும். திருகுகிறதா, பிளக்கிறதா என்று பார்த்து, ஓர் ஆண்டு சென்ற பிறகே குழல் செய்ய வேண்டும். மரத்தின் பெயரை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அது எத்தனை ஆண்டு ஆறியது என்பதை எந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. மேற்கத்திய பாணி மரக்குழல்களைக் கருங்காலி என்று சொல்லி விற்கும்போது, அது பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் வளரும் ஒரு கருமரம். தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. ஆனால் அது நாம் கருங்காலி என்று அறிந்த மரமன்று, ஈட்டி மரத்தின் இனம். ஈட்டி இன மரங்கள் அனைத்தின் பன்னாட்டு வணிகமும் 2017இல் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இன் இறுதியில் விலக்குக் கிடைத்தது. இன்னொன்று, இந்த இன மரங்கள் சிலருக்கு உதட்டில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். உங்கள் உதடு அந்தச் சிலரில் ஒன்றா என்பது ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

இனி, நாதம். மரத்தின் நாதமே தனி என்று கட்டுரை சொல்கிறது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பினேன். ஜான் கோல்ட்மன் என்பவர் 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே உள்ளளவில் குழல்கள் செய்து, ஒரே மாதிரியான தலைப்பகுதியைப் பொருத்தி, எது எதனால் ஆனது என்று தெரியாதபடி வாசிக்க வைத்தார். கேட்டவர்களாலும் பிரிக்க முடியவில்லை, வாசித்தவர்களாலும் பிரிக்க முடியவில்லை. குழலில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. வீணையின் குடம்போல் இங்கே மரம் நாதத்தை எழுப்புவதில்லை. செய்பவரின் கைத்திறன் தெரிவது வேறு இடங்களில்: உட்துளை அடியை நோக்கி எப்படிக் குறுகுகிறது, வாய்த்துளையின் சுவர் எவ்வளவு உயரம், மூச்சு மோதும் விளிம்பு எந்தச் சாய்வில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த விளிம்பில் ஓர் இழை கூடுதலாகச் சீவினாலும் குழல் வேறாகிவிடும். எனவே ஒரே கைவினைஞர் ஒரே மரத்தில் செய்த இரண்டு குழல்கள்கூட இரண்டு விதமாகப் பேசும். படத்தைப் பார்த்தும் பதிவைக் கேட்டும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவ்வளவும் தெரிந்தும் மறுபடி மரக்குழலுக்கு ஏன் போனேன்? என்னிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்த கீழ்ச்சுருதி மூங்கில் குழல் சென்ற ஆண்டு போய்விட்டது. அதே உள்ளளவும் அதே கணு இடைவெளியும் கொண்ட மூங்கிலை இயற்கை தந்தால்தான் உண்டு. மரத்தில் உள்ளளவைக் கடைபவர் தீர்மானிக்கிறார். அதனால்தான்.

இந்த முறை பத்து நாள் வைத்திருந்து வாசித்துப் பார்க்கச் சம்மதிக்கும் ஒரு கைவினைஞரிடம் மட்டுமே பேசினேன். நாளுக்குப் பதினைந்து நிமிடம், அவர் முன்னிலையில் ஒத்துக்கொண்ட கணக்கு. ஒரு குறிப்பேடும் வைத்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாள் குறிப்புகளை இப்போது படித்தால், அவை குழலைப் பற்றியவையாக இல்லை, என் மகிழ்ச்சியைப் பற்றியவையாகவே இருக்கின்றன. புதுக் கருவி எதுவானாலும் மூன்று நாள் இனிக்கும். அந்த மூன்று நாளுக்குள் யாரும் பணம் கொடுக்க வேண்டாம். நான்காம் நாள் என் மகளைக் கதவுக்கு அப்பால் உட்கார வைத்து, என்னிடம் உள்ள வேறொரு மூங்கிலிலும் மரத்திலும் ஒரே கீர்த்தனையின் பல்லவியை மாற்றி மாற்றி வாசித்தேன். எது மரம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. "மூணாவது தடவை நல்லா வாசிச்சேம்மா" என்றாள். அது என் பழைய மூங்கில்.

ஐந்தாம் நாள் சுருதி பார்த்தேன். எடுத்தவுடன் ஊதினால் எல்லாமே சற்று இறங்கித்தான் இருக்கும், மூச்சின் சூட்டில் ஏறும். பத்து நிமிடம் ஊதிய பிறகு பார்ப்பதே நியாயம். மேல் ஸ்தாயி கொஞ்சம் விலகியிருந்தது. அதற்காகக் குழலைக் குறை சொல்லிவிடக் கூடாது. தலைக்குள் இருக்கும் தக்கை இடம் மாறியிருந்தாலும் இப்படி ஆகும். வாய்த்துளையின் நடுவிலிருந்து தக்கை இருக்கும் தூரம் ஏறக்குறைய உட்துளையின் குறுக்களவுக்குச் சமமாக இருக்க வேண்டும். அளந்தேன், சற்றுத் தள்ளினேன், சேர்ந்துவிட்டது.

ஏழாம் நாள் வந்த வலிக்கு அப்படி எந்த மாற்றும் இல்லை. வலது மோதிரவிரல் கடைசித் துளையை மூட எட்டவில்லை. எட்டினால் ஓரத்தில் காற்று கசிந்தது. கீழ் ஸ்வரம் வரும், இரண்டாவது நொடியில் உடையும். ஐம்பத்தொன்பது வயது விரலை இழுத்துப் பழக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். குழலின் எடையும் மூங்கிலைவிட அதிகம். இடது பெருவிரலின் அடி மாலை வரை வலித்தது. நாதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத அந்தக் குழலை எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று நாளும் வாசித்தேன். என் கை அதற்குப் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு அத்தனை நாள் தேவைப்பட்டது.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை மரக்குழலைப் பற்றி எழுதும்போது, வாங்குபவர் கேட்க வேண்டியவற்றைச் சேர்த்து எழுதட்டும். மரம் எத்தனை ஆண்டு ஆறியது, தலையில் உலோகம் இருக்கிறதா, பிளந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாள் வாசித்துப் பார்க்கலாம். கடைசிக் கேள்விக்கு இடமே இல்லை என்பவரிடம், அவர் எவ்வளவு பெரிய கைவினைஞராக இருந்தாலும், முதன்முறையாக வாங்கும் மாணவன் போகாமல் இருப்பது நல்லது. நல்ல கைவினைஞர்களுக்கும் இதனால் நட்டமில்லை. திரும்பி வரும் குழல் இன்னொரு கைக்குப் பொருந்தும்.

என் குழலைத் துடைத்து, பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது என் வலது கையை ஒரு தாளின் மேல் விரித்து, விரல்களைச் சுற்றிக் கோடு வரைந்து அதையும் கொடுத்தேன். குழலின் உடலை இரண்டு துண்டாகச் செய்தால் கீழ்த்துண்டை மோதிரவிரல் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்றார் அவர். தலையில் உலோகம் வேண்டாம் என்றேன். சுருதி மாற்றும் வசதி குறையும் என்று எச்சரித்துவிட்டுச் சம்மதித்தார். எனக்கென்று ஒதுக்கிய கட்டையைக் காட்டினார். நடுவில் சிறு துளை மட்டும் இட்டு, ஆறு ஆண்டுகளாக அலமாரியில் கிடக்கிறதாம். எனக்கு முன் பதினொரு பேர் காத்திருக்கிறார்கள். நான் பன்னிரண்டாவதாகப் பெயர் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
குழல் வாசிக்கும் ஒரு வாசகி