பீட் போட்டவர் பெயரையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹிப் ஹாப் ஆல்பத்தைப் பற்றி எழுதினால் ராப் பாடியவர் பெயரோடு நிறுத்திக்கொள்வது பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. பீட், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் தாள இசையைப் போட்ட தயாரிப்பாளர் யாரென்று வாசகருக்குத் தெரிவதே இல்லை. ராப் பாடகரை நம்பாமல் பீட்டை மட்டுமே வைத்து நிற்கும் ஆல்பம் ஒன்று உண்டு: டெட்ராய்ட்காரர் ஜே டில்லாவின் ‘டோனட்ஸ்’. 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-வது பிறந்தநாளில் வெளிவந்தது. மூன்றே நாளில் அவர் காலமானார். அதனால் இந்த ஆல்பம் என்றாலே நோயையும் மருத்துவமனையையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். அந்த மனிதரின் கைவேலையைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது.

மொத்தம் 31 துண்டுகள், சுமார் 43 நிமிடம். ‘அவுட்ரோ’ முதலில் வரும், ‘இன்ட்ரோ’ கடைசியில் வரும். முடிவு மறுபடி தொடக்கத்தில் போய்ச் சேரும். அதனால் கேட்பவர்கள் ஷஃபிளையும் (வரிசையைக் கலைக்கும் வசதி) கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் வசதி) கட்டாயம் அணைத்துவைக்க வேண்டும். ஒரு துண்டு சட்டென்று அறுந்து அடுத்தது தொடங்கும் இடங்களை அவர் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார். கிராஸ்ஃபேட் அவற்றை மழுக்கிவிடும்.

சாம்பிளிங், அதாவது பழைய பதிவிலிருந்து ஒரு துணுக்கை (சாம்பிள்) எடுத்துப் புது இசையில் சேர்ப்பது, அடுத்தவர் பாட்டைத் திருடுவதுதான் என்பவர்கள் இந்த ஆல்பத்தில் வரும் ‘டோன்ட் க்ரை’யைக் கேட்க வேண்டும். தி எஸ்கார்ட்ஸ் குழுவின் பழைய சோல் பாட்டை முதலில் ஏறக்குறைய அப்படியே ஓடவிடுகிறார். பிறகு அதையே பொடிப்பொடியாக வெட்டி, வரிசையைக் கலைத்து, வேறொரு தாளத்தில் அடுக்குகிறார். மூலம் எது, தான் செய்தது எது என்று இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய தயாரிப்பாளர் அபூர்வம்.

அவருடைய தாளத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது: குவான்டைஸை (தட்டும் அடிகளைத் தாளக் கட்டத்தில் தானாகவே நேராகப் பொருத்தும் வசதி) அணைத்துவிட்டு ஏனோதானோவென்று தட்டினால் அவருடைய தள்ளாடும் நடையான ‘டில்லா ஃபீல்’ வந்துவிடும் என்று. வராது. அவர் பல ஆண்டுகள் கையாண்ட அகாய் எம்.பி.சி. 3000 என்ற பீட் போடும் கருவி, தாளத்தின் ஒரு எண்ணிக்கையை (இதையும் பீட் என்பார்கள்) 96 டிக்குகள் என்ற நுண்ணிய கூறுகளாகப் பிரிக்கும். நிமிடத்துக்கு 90 பீட் வேகத்தில் ஒரு டிக் சுமார் 7 மில்லி செகண்ட். ஹை-ஹாட்டை (டிரம்ஸின் ஜோடித் தட்டு) கட்டத்திலேயே விட்டு, ஸ்னேரை (‘சட்’டென்று ஒலிக்கும் டிரம்) 2 அல்லது 3 டிக் முன்னால் தள்ளி, கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சற்றுப் பின்னால் விட்டுப் பாருங்கள். தள்ளாடுவதுபோல் இருந்தாலும் தாளம் விழாது. இந்த விலகல் ஒவ்வொரு சுற்றிலும் அதே அளவில் திரும்ப வர வேண்டும். அப்போதுதான் காது அதை ஒரு நடையாக ஏற்கும். மென்பொருளின் ‘ஹியூமனைஸ்’ பொத்தான் ஒவ்வொரு அடியையும் கண்டபடி நகர்த்துவதால் வாசிக்கத் தெரியாதவர் வாசித்ததுபோல் ஆகிவிடுகிறது.

இன்னொரு சிக்கல் அடித்தொனியில் வரும். எடுத்த சாம்பிளுக்குள் ஏற்கெனவே ஒரு கிக் இருக்கும். நம் கிக் அதிலிருந்து 20 மில்லி செகண்ட் தள்ளி விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்று ஓசை மெலிந்துபோகும். சாம்பிளில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஹை-பாஸ் (தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டி) போட்டுக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். வெட்டிய இடத்தில் ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டால், ஒலி அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் புள்ளிக்கு வெட்டை நகர்த்துங்கள், இல்லையென்றால் 2 மில்லி செகண்ட் ஃபேட் (ஒலி படிப்படியாக ஏறுவது) கொடுங்கள். அதற்கு மேல் நீட்டினால் ஸ்னேரின் முனை மழுங்கும்.

ஜே டில்லாவின் எம்.பி.சி. இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அருங்காட்சியகமே பீட் போட்டவரின் கருவியைப் பாதுகாக்கும்போது, நம் இசைப் பக்கங்களில் அவர் பெயருக்கு ஒரு வரி இடம் கொடுக்கலாம். இனி ஆல்பம் அறிமுகம் வெளியிடும்போது பாடகர் பெயருக்குக் கீழே தயாரிப்பாளர் பெயரையும், அவர் சாம்பிள் எடுத்த மூலப் பாடலையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்